கற்பனைத் தலைநகரில் தூதரகங்கள்: எத்தனை, எவ்வளவு பெரியவை, எங்கே?

கற்பனை உலகத்துக்கு வரைபடம் தீட்டுகிறவர்களில் பலர், தலைநகரை ஏறக்குறைய முடித்த பிறகே தூதரகங்களை நினைக்கிறார்கள். நாடாளுமன்றத்துக்குப் பக்கத்தில் மிஞ்சிக் கிடக்கும் ஒரு நிலத்தைச் சம அளவுக் கட்டங்களாகப் பிரித்து, கட்டத்துக்கு ஒரு நாட்டின் பெயரை எழுதி, சுற்றிலும் ஒரு மதில் போட்டு வேலையை முடித்துவிடுகிறார்கள். சாலைகளையும் ரயில் பாதைகளையும் மாதக்கணக்கில் செதுக்கிய வரைபடத்தில் இந்த ஒரு மூலை மட்டும் பொம்மைக் குடியிருப்பைப் போல் தனித்துத் தெரியும். உண்மையான நகரங்களில் தூதரகங்களின் இடமும் அளவும் இரண்டு வரலாறுகளைப் பொறுத்தவை. அந்த நகரில் நல்ல மனை எந்தக் காலத்தில் எந்தப் பக்கம் கிடைத்தது என்பது ஒன்று. அந்த இரு நாடுகளும் எப்போது நெருங்கின, எப்போது விலகின என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் ஒரு பக்க அளவுக்காவது எழுதி வைத்துக்கொண்டு வரைய உட்கார்ந்தால் மீதி வேலை பெரும்பாலும் தானாகவே நடந்துவிடும்.

முதலில் எத்தனை என்று முடிவு செய்யுங்கள்

உங்கள் உலகில் நூற்றைம்பது நாடுகள் இருப்பதால் ஒவ்வொரு தலைநகரிலும் நூற்று நாற்பத்தொன்பது தூதரகங்கள் இருக்க வேண்டியதில்லை. புது டெல்லியில் ஏறத்தாழ 150 நாடுகளின் தூதரகங்கள் உள்ளன. அதற்குக் கிழக்கே இருக்கும் பூட்டானின் தலைநகர் திம்புவிலோ இந்தியா, வங்கதேசம் போன்ற மிகச் சில நாடுகளுக்குத்தான் நிரந்தரத் தூதரகம் உண்டு. பூட்டானோடு உறவு வைத்திருக்கும் பிற நாடுகளில் பலவற்றின் தூதர்கள் டெல்லியில் இருந்துகொண்டே பூட்டானுக்கும் சேர்த்துப் பொறுப்பு வகிக்கிறார்கள். ஐ.நா. பாதுகாப்பு அவையின் ஐந்து நிரந்தர உறுப்பு நாடுகளோடு பூட்டானுக்கு முறையான தூதரக உறவே இல்லை. லிச்டென்ஸ்டைனின் தலைநகரான வடூஸில் வெளிநாட்டுத் தூதரகம் எதுவும் இல்லை. அருகிலுள்ள சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரிலிருந்தே பல நாடுகள் அதைக் கவனித்துக்கொள்கின்றன.

ஆகவே பட்டியலைத் தூதரகத்தை அனுப்பும் நாட்டின் பக்கமிருந்து போட வேண்டும். ஒவ்வொரு நாட்டையும் எடுத்துக்கொண்டு, இந்தத் தலைநகரில் வாடகையும் சம்பளமும் கொடுத்து ஆள் வைத்திருக்க அதற்கு என்ன தேவை இருக்கிறது என்று கேளுங்கள். பொதுவான எல்லை, கணிசமான வணிகம், குடியேறிய மக்கள், பழைய ஆட்சித் தொடர்பு, ராணுவ ஒப்பந்தம் ஆகியவற்றில் ஒன்றாவது இருந்தால் தூதரகம் இருக்கும். ஒன்றும் இல்லையென்றால் அந்த நாடு அண்டைத் தலைநகர் ஒன்றிலிருந்தே இதையும் பார்த்துக்கொள்ளும். இப்படிச் சலித்தால் உங்கள் உலகில் ஒவ்வொரு பகுதிக்கும் ஓரிரு மையத் தலைநகரங்கள் உருவாகி, தூதரகங்கள் அங்கே குவிவதையும் சுற்றியுள்ள சிறு தலைநகரங்களில் பத்துப் பதினைந்து மட்டும் தங்குவதையும் காண்பீர்கள்.

இதற்கு நேர் எதிரான நிலையும் உண்டு. பிரஸ்ஸல்ஸில் சில நாடுகளுக்கு மூன்று அலுவலகங்கள் இருக்கின்றன: பெல்ஜியத்துக்கு ஒன்று, ஐரோப்பிய ஒன்றியத்துக்கு ஒன்று, நேட்டோவுக்கு ஒன்று. வத்திக்கானுக்குள் தூதரகம் கட்ட இடமில்லாததால் அதற்கான தூதரகங்கள் எல்லாம் ரோம் நகரில்தான் இருக்கின்றன. ஆனால் இத்தாலிக்கான தூதரே வத்திக்கானுக்கும் தூதராக இருப்பதை வத்திக்கான் ஏற்பதில்லை. அதனால் பல நாடுகளுக்கு ரோமில் இரண்டு தூதரகங்கள். உங்கள் உலகில் ஒரு பன்னாட்டு அமைப்பின் தலைமையகம் இருந்தால் அந்த நகரத்துக்கு இந்தக் கூடுதல் அலுவலகங்களைக் கொடுக்க மறக்காதீர்கள்.

அளவு: பெரும்பாலானவை சிறியவை

தூதரகம் என்றதும் பரந்த புல்வெளியும் உயர்ந்த மதிலும் கொண்ட வளாகம்தான் நம் மனத்தில் எழுகிறது. இந்த எண்ணமே வரைபடங்களைக் கெடுக்கிறது. லண்டனில் ஈக்வடார் நாட்டின் தூதரகம், ஹாரட்ஸ் கடைக்குப் பின்புறம் ஹான்ஸ் கிரெசென்ட்டில் இருக்கும் ஒரு செங்கல் அடுக்குமாடிக் கட்டடத்தின் ஒரு பகுதிதான். விக்கிலீக்ஸ் நிறுவனர் ஜூலியன் அசாஞ்சே 2012 முதல் 2019 வரை அடைக்கலம் புகுந்திருந்தது அந்தச் சில அறைகளில்தான். அதே கட்டடத்தில் கொலம்பியாவின் தூதரகமும் இருக்கிறது. மறுமுனையில், 2009ஆம் ஆண்டு பாக்தாதில் திறக்கப்பட்ட அமெரிக்கத் தூதரகம் 104 ஏக்கர், அதாவது சுமார் 42 ஹெக்டேர் பரப்புடையது. ஆனால் அது போர்க்காலத்தில் ஆக்கிரமிப்புப் படையின் பாதுகாப்பு வளையத்துக்குள் எழுந்த விதிவிலக்கு. உங்கள் உலகில் அதுபோன்ற போர் நடக்கவில்லையென்றால் அந்த அளவை நினைத்துக்கூடப் பார்க்க வேண்டாம். ஒரு வல்லரசு, அமைதியான காலத்தில், நிலம் தாராளமாகக் கிடைத்த ஒரு நகரில் எவ்வளவு எடுத்துக்கொள்ளும் என்பதற்குப் புது டெல்லியின் அமெரிக்கத் தூதரகம் நல்ல அளவுகோல்: 28 ஏக்கர், ஏறக்குறைய 11 ஹெக்டேர். அதே வல்லரசுக்கு நெருக்கடி மிகுந்த லண்டனில் 2018ஆம் ஆண்டு திறந்த புதிய தூதரகத்துக்கு 5 ஏக்கருக்குச் சற்றுக் குறைவாகவே நிலம் அமைந்தது. ஒரே நாடு, இரண்டு நகரங்கள், ஐந்து மடங்குக்கு மேல் வேறுபாடு. நாட்டின் வலிமையைவிட நகரத்தின் நிலவரம் அளவை அதிகமாகத் தீர்மானிக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

நடைமுறைக்குச் சில அளவுகளைக் கையில் வைத்துக்கொள்ளலாம். வாடகைத் தளத்தில் இருக்கும் சிறு தூதரகம் 200 முதல் 400 சதுர மீட்டர் வரை போதும். ஐந்தாறு அதிகாரிகளும் உள்ளூர்ப் பணியாளர்கள் சிலரும் அதற்குள் அடங்குவார்கள். தனி வீட்டில் இயங்கும் தூதரகத்துக்கு 30 மீட்டர் அகலமும் 40 மீட்டர் நீளமும் கொண்ட மனை சரியாக இருக்கும். சென்னைக் கணக்கில் ஐந்து கிரவுண்டுக்குச் சற்று மேல். சொந்தமாகக் கட்டிக்கொண்ட நடுத்தர நாட்டுக்கு அரை ஹெக்டேர். முக்கியமான கூட்டாளிக்கும் பெரிய அண்டை நாட்டுக்கும் 2 முதல் 4 ஹெக்டேர். அதற்கு மேல் போவது ஒரு தலைநகரில் ஒரு நாடாக இருந்தால் நல்லது. இரண்டாக இருந்தால் அதற்கான காரணத்தை உங்கள் வரலாற்றுக் குறிப்பில் எழுத வேண்டியிருக்கும்.

அறுபது தூதரகங்கள் உள்ள ஒரு நடுத்தரத் தலைநகருக்கு நான் பரிந்துரைக்கும் பங்கீடு இது: நான்கு பெரிய வளாகங்கள், பதினைந்து நடுத்தர மனைகள், இருபது வாடகை வீடுகள், மீதி அலுவலகக் கட்டடங்களின் தளங்கள். பெரியவற்றுக்குச் சராசரியாக 3 ஹெக்டேரும் நடுத்தரத்துக்கு அரை ஹெக்டேரும் என்று கூட்டினால் மொத்தம் 20 ஹெக்டேரைத் தாண்டாது. அது 450 மீட்டர் பக்கமுள்ள ஒரு சதுரம், அவ்வளவுதான். சாலைகளையும் ஓரப் பசுமையையும் சேர்த்தாலும் 30 ஹெக்டேருக்குள் முடிந்துவிடும். வீடுகளிலும் தளங்களிலும் இருக்கும் நாற்பத்தொரு தூதரகங்கள் நகரின் நிலப் பயன்பாட்டில் கண்ணுக்கே தெரியாது. மூன்று சதுர கிலோமீட்டரில் தூதரக வளாகங்களைப் பரப்பி வைத்திருக்கும் கற்பனைத் தலைநகரங்களை இந்தக் கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

கட்டடத்தின் பரப்பை ஆள் கணக்கிலிருந்து கொண்டு வாருங்கள். ஒரு பணியாளருக்கு, நடைபாதை, கூட்ட அறை, விசா முகப்பு எல்லாம் சேர்த்து 25 சதுர மீட்டர் என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலும் பொருந்தும். அனுப்பும் நாடு எத்தனை பேரையும் அனுப்பலாம் என்பதும் இல்லை. 1961ஆம் ஆண்டின் தூதரக உறவுகளுக்கான வியன்னா உடன்படிக்கை, ஏற்கும் நாட்டின் சூழ்நிலைக்கு ஏற்ப நியாயமான, வழக்கமான அளவுக்குள் தூதரகத்தின் பணியாளர் எண்ணிக்கை இருக்க வேண்டும் என்று அந்த நாடு கோர இடம் தருகிறது. உறவு கசந்த இரு நாடுகள் ஒருவர் தூதரகத்தில் மற்றவர் ஆள் குறைப்பது இந்த விதியின் நிழலில்தான். அப்படிப்பட்ட இரு நாடுகளின் தலைநகரங்களில், நிலமும் கட்டடமும் பெரியவை, உள்ளே ஆட்கள் சிலர் என்ற நிலையை வைத்தால் உங்கள் வரைபடத்துக்கு ஒரு கதை கிடைக்கும்.

ஒரு மனையை வரைந்து பார்ப்போம்

நாற்பது பேர் வேலை செய்யும் நடுத்தரத் தூதரகம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். மனை, பெருஞ்சாலைப் பக்கம் 60 மீட்டர் அகலமும் 80 மீட்டர் ஆழமும் கொண்டது. இடப்புறம் ஒரு சிறு தெரு இருக்கிறது. நாற்பது பேருக்கு 1,000 சதுர மீட்டர் தேவை. ஆகவே 28 மீட்டருக்கு 18 மீட்டர் அளவில் இரண்டு மாடிக் கட்டடம். அதைப் பெருஞ்சாலை மதிலிலிருந்து 15 மீட்டர் உள்ளே தள்ளி வையுங்கள். முன்புறத்தில் வண்டிகள் வளைந்து வர ஒரு பாதையும் கொடிக்கம்பமும் வரும். கட்டடத்துக்குப் பின்னால் 30 மீட்டருக்கு 25 மீட்டர் அளவில் ஒரு புல்வெளியை விடுங்கள். தேசிய நாள் விருந்து அங்கேதான் நடக்கும். மிச்சமிருக்கும் பின்பகுதியில் ஜெனரேட்டர் அறை, வண்டிக் கொட்டகை, பணியாளர் குடியிருப்பு ஒன்றோ இரண்டோ அடங்கிவிடும்.

வாசல்கள் முக்கியமானவை. பெருஞ்சாலையில் இருக்கும் பெரிய வாயில் தூதருக்கும் விருந்தினருக்கும் உரியது. விசாவுக்கு வரும் மக்கள் அதன் வழியே போவதில்லை. அவர்களுக்கு இடப்புறத் தெருவில் தனி வாசலும் வரிசையில் நிற்க மதிலை ஒட்டி ஒரு கூரையும் இருக்கும். காவல் சாவடியை மதிலுக்கு வெளியே, நடைபாதையில் வரையுங்கள். தூதரகத்தைக் காக்கும் கடமை ஏற்கும் நாட்டுடையது என்பதால் அந்தச் சாவடியில் நிற்பவர் உள்ளூர்க் காவலர். இந்த ஒரு சிறு சதுரம் சரியான இடத்தில் இருந்தாலே வரைந்தவர் விஷயம் தெரிந்தவர் என்று புரிந்துவிடும்.

தூதரின் இல்லத்தை இதே மனையில் வைக்க வேண்டியதில்லை. பெரிய வளாகங்களில் இரண்டும் சேர்ந்திருக்கும். டெல்லியின் அமெரிக்கத் தூதரகத்தில் எட்வர்ட் டுரெல் ஸ்டோன் வடிவமைத்து 1959இல் திறக்கப்பட்ட அலுவலகமும், அதனருகே தூதர் வசிக்கும் ரூஸ்வெல்ட் இல்லமும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. நடுத்தர, சிறு நாடுகளுக்கோ அலுவலகம் ஓரிடத்திலும் இல்லம் இரண்டு மூன்று கிலோமீட்டர் தள்ளி மரங்கள் அடர்ந்த வேறொரு தெருவிலும் இருப்பதே வழக்கம். ஆகவே ஒரு நாட்டுக்கு வரைபடத்தில் இரண்டு புள்ளிகள் வரும். நகரின் செல்வந்தர் பகுதிகளில் தூதர் இல்லங்களைத் தூவுவது, தூதரகங்களைவிட நகரத்துக்கு அதிக உயிர் தரும்.

இடம்: பாங்காக்கை ஒருமுறை பாருங்கள்

இடத்தேர்வைக் கற்க ஒரே ஒரு நகரைத்தான் காட்ட முடியும் என்றால் நான் பாங்காக்கைக் காட்டுவேன். அங்குள்ள மிகப் பழைய தூதரகம் போர்ச்சுக்கலுடையது; 1820ஆம் ஆண்டு அரசர் அளித்த நிலத்தில், சாவ் பிரயா ஆற்றங்கரையில் இன்றும் இருக்கிறது. அதற்கு அருகிலேயே பிரான்ஸ் நாட்டின் தூதரகம். கப்பல்தான் போக்குவரத்து, ஆறுதான் பெருவழி என்றிருந்த காலத்தில் வந்தவர்கள் ஆற்றைப் பார்த்து உட்கார்ந்தார்கள். பிரிட்டனும் முதலில் ஆற்றங்கரையில்தான் இருந்தது. நகரம் கிழக்கே நகர்ந்து, ஆற்றோரம் சந்தடியும் வணிகமும் மிகுந்தபோது, 1920களில் அந்த இடத்தை விற்றுவிட்டு அன்று நகரின் விளிம்பாக இருந்த பிளோன்சிட் பகுதியில் பெரிய நிலம் வாங்கிப் போனது. பக்கத்திலுள்ள வயர்லெஸ் சாலையில் அமெரிக்கா, நெதர்லாந்து, வியட்நாம், ஜப்பான் ஆகியவற்றின் தூதரகங்கள் வரிசையாக அமைந்தன. நூறு ஆண்டுகளில் அந்த விளிம்பே நகரின் மிக விலையுயர்ந்த பகுதியாகிவிட்டது. பிரிட்டன் தன் நிலத்தில் ஒரு பகுதியை முன்பே விற்க, அங்கே 2014இல் எழுந்த வணிக வளாகத்தின் பெயரே சென்ட்ரல் எம்பசி. மீதி நிலத்தை 2018இல் 42 கோடி பவுண்டுக்கு விற்றுவிட்டு, தூதரகம் சாத்தோன் பகுதியில் ஓர் அலுவலகக் கோபுரத்துக்குக் குடிபெயர்ந்தது.

இதிலிருந்து வரைபவருக்குக் கிடைப்பது நேரடியான செய்முறை. உங்கள் தலைநகரின் வளர்ச்சியை மூன்று காலங்களாகப் பிரித்துக்கொள்ளுங்கள். முதற்காலத்திலேயே உறவு வைத்த நாடுகளைப் பழைய துறைமுகத்துக்கோ அரண்மனைக்கோ அருகில், ஒழுங்கற்ற வடிவமுள்ள மனைகளில் வையுங்கள். இரண்டாம் காலத்தில் வந்தவற்றை அந்தக் காலத்து நகர விளிம்பில், அகலமான சாலையை ஒட்டிய பெரிய மனைகளில் வையுங்கள்; இன்றைய விளிம்பில் வைக்கக்கூடாது. மூன்றாம் காலத்தில் விடுதலை பெற்ற நாடுகளுக்கும் சிறிய நாடுகளுக்கும் மிச்சம் இருப்பது அலுவலகக் கோபுரமும் புறநகர் வீடும்தான். பிறகு, முதல் இரண்டு காலங்களின் பெரிய மனைகளில் ஒன்றிரண்டை விற்று, அங்கே ஒரு வணிக வளாகத்தையோ ஓட்டலையோ கட்டிவிடுங்கள்.

வாஷிங்டன் வேறு வழியில் போனது. மாசசூசெட்ஸ் அவென்யூவில் பெருஞ்செல்வர்கள் கட்டிய மாளிகைகள், 1929ஆம் ஆண்டின் பொருளாதார வீழ்ச்சிக்குப் பிறகு பராமரிக்க ஆளின்றி விலைக்கு வந்தன. தூதரகங்கள் அவற்றை வாங்கிக்கொண்டன. உங்கள் உலகில் ஒரு பொருளாதாரச் சரிவோ புரட்சியோ நடந்து பிரபுக்கள் ஓடிப்போயிருந்தால் அவர்களுடைய மாளிகைத் தெருவே தூதரகத் தெருவாகும். அப்படியான தெருவில் மனைகள் பெரிதாக இருக்காது. கட்டடங்கள் அலங்காரமாக, சாலையை ஒட்டி, பக்கத்துப் பக்கத்தில் இருக்கும்.

திட்டமிட்ட தூதரகக் குடியிருப்பு என்பது 20ஆம் நூற்றாண்டில், புதிதாகக் கட்டிய அல்லது புதிதாக விடுதலை பெற்ற தலைநகரங்களின் இயல்பு. 1950களில் டெல்லியில் எழுந்த சாணக்கியபுரி அப்படிப்பட்டது. குடியரசுத் தலைவர் மாளிகைக்குத் தென்மேற்கே, விமான நிலையம் போகும் திசையில், சாந்தி பத் என்ற அகன்ற சாலையின் இருபுறமும் பசும்புல் ஓரங்களோடு பெரிய நாடுகளின் வளாகங்கள் நிற்கின்றன. ஆனால் அங்கேயும் எல்லா நாடுகளும் அடங்கிவிடவில்லை. நேபாளத்தின் தூதரகம் பாரகம்பா சாலையில் இருக்கிறது. பல ஆப்பிரிக்க, லத்தீன் அமெரிக்க நாடுகள் வசந்த் விஹார் போன்ற வசதியான குடியிருப்புகளில் வீடுகளை வாடகைக்கு எடுத்திருக்கின்றன. ஆகவே திட்டமிட்ட பகுதி ஒன்றை வரைந்தாலும் பட்டியலில் பாதியை அதற்கு வெளியே விட்டுவிடுங்கள். உள்ளே ஓரிரு மனைகள் காலியாகவும் கிடக்கட்டும்.

புதிய தலைநகரங்களில் தூதரகங்கள் ஒரே நாளில் வந்து இறங்குவதில்லை. பிரேசிலியா 1960 ஏப்ரலில் தலைநகரானது. பெரிய மனைகள் ஒதுக்கப்பட்டன. ஆனால் கடற்கரையும் கேளிக்கையும் நிறைந்த ரியோவை விட்டுவர யாருக்கும் மனம் வரவில்லை. பிரேசிலின் வெளியுறவு அமைச்சகமே 1970இல்தான் அங்கே குடியேறியது. தூதரகங்களில் பல அதற்குப் பிறகே நகர்ந்தன. மியான்மர் அரசு 2005இல் நேபிடோவுக்குப் போய்விட்டது; பெரும்பாலான தூதரகங்கள் இன்னும் யாங்கூனில் இருக்கின்றன. இலங்கையின் நாடாளுமன்றம் 1982 முதல் ஸ்ரீ ஜயவர்த்தனபுர கோட்டேயில் கூடுகிறது. தூதரகங்கள் கொழும்பை விட்டு அசையவில்லை. நெதர்லாந்தின் தலைநகர் ஆம்ஸ்டர்டாம் என்றாலும் அரசு இருப்பது ஹேக் நகரில் என்பதால் தூதரகங்களும் அங்கேதான். வெளியுறவு அமைச்சகம் எங்கே இருக்கிறதோ அங்கே தூதரகங்கள் இருக்கும். அதுவும் ஒரு தலைமுறை தாமதமாக. உங்கள் நாடு சமீபத்தில் தலைநகரை மாற்றியிருந்தால் பழைய நகரத்தைத் தூதரகங்களால் நிரப்பிவிட்டு, புதிய நகரத்தில் வேலி மட்டும் போட்ட மனைகளை வரையுங்கள்.

அச்சம் புகுந்த பிறகு

தூதரகக் கட்டடக் கலையில் 1980களும் 1990களும் ஒரு கோடு கிழித்தன. 1983 ஏப்ரலில் பெய்ரூட்டின் கடற்கரையிலிருந்த அமெரிக்கத் தூதரகமும், 1998 ஆகஸ்ட் 7 அன்று நைரோபியிலும் டார் எஸ் சலாமிலும் இருந்தவையும் குண்டுவைத்துத் தகர்க்கப்பட்டன. நைரோபியில் இறந்தவர்கள் மட்டும் 200க்கும் மேல். நகரின் நடுவே, நெரிசலான சந்திப்பில் இருந்த அந்தக் கட்டடம் மீண்டும் அங்கே எழவில்லை. அந்த இடம் நினைவுப் பூங்காவாயிற்று. புதிய தூதரகம் நகருக்கு வெளியே கிகிரியில், ஐ.நா. வளாகத்துக்கு எதிரே கட்டப்பட்டது. 1999இல் அமெரிக்கா இயற்றிய சட்டம், புதிய தூதரகக் கட்டடம் மனை எல்லையிலிருந்து 100 அடி, அதாவது 30 மீட்டர் உள்ளே இருக்க வேண்டும் என்றது. விலக்கு பெற வழி உண்டு என்றாலும், அந்த ஒரு எண் உலகெங்கும் தூதரகங்களை நகர நடுவிலிருந்து புறநகருக்குத் தள்ளியது. பெர்லினில் பிராண்டன்பர்க் வாயிலுக்குப் பக்கத்தில், பழைய இடத்திலேயே கட்டியாக வேண்டும் என்று நின்றபோது, அருகிலுள்ள சாலைகளை நகர்த்த வேண்டியிருந்தது. 2008இல்தான் அது திறக்கப்பட்டது.

வரைபவர் இதை ஆண்டோடு சேர்த்துப் பயன்படுத்த வேண்டும். எந்த நாட்டுக்கு எதிரிகள் இருக்கிறார்களோ அந்த நாட்டின், அதுவும் சமீபத்தில் கட்டிய தூதரகத்துக்கு மட்டும் 30 மீட்டர் இடைவெளி கொடுங்கள். நான்கு பக்கமும் 30 மீட்டர் விட்டு நடுவில் 60 மீட்டர் சதுரக் கட்டடம் வைத்தால் மனை 120 மீட்டர் சதுரமாகிவிடும். கட்டடம் அதில் கால் பங்குதான். எதிரிகள் இல்லாத ஒரு தீவு நாட்டுக்கு இப்படி ஒரு கோட்டையை வரைந்து வைத்தால் பார்ப்பவர்கள் சிரிப்பார்கள். செலவையும் இடத்தையும் பகிர்ந்துகொள்ளும் நாடுகளும் உண்டு: டென்மார்க், பின்லாந்து, ஐஸ்லாந்து, நார்வே, ஸ்வீடன் ஆகிய ஐந்தும் 1999 முதல் பெர்லினில் ஒரே வளாகத்தில், செம்புத் தகட்டு மதில் ஒன்று சூழ, தத்தம் கட்டடங்களில் இயங்குகின்றன. உங்கள் உலகில் நெருக்கமான சிறு நாடுகளின் கூட்டமைப்பு இருந்தால் இந்த ஏற்பாட்டைத் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம்.

உறவின் கதையைத் தெருவில் காட்டுதல்

காத்மாண்டுவில் லைன்சௌர் பகுதியில் இந்தியத் தூதரகமும் பிரிட்டிஷ் தூதரகமும் அடுத்தடுத்து இருப்பதற்குக் காரணம், பழைய பிரிட்டிஷ் ரெசிடென்சியின், அதாவது பேரரசுப் பிரதிநிதியின் வளாகத்தின், நிலம் 1947க்குப் பிறகு இந்தியாவிடம் வந்தது. பேரரசு உடைந்தால் அதன் தூதரகச் சொத்தை யார் எடுத்துக்கொண்டார் என்று உங்கள் வரலாற்றில் கேட்டுப் பாருங்கள். ஒரு வளாகம் இரண்டாகப் பிளந்து நிற்பதை வரைய நல்ல வாய்ப்பு. பகையையும் காட்டலாம். கொல்கத்தாவில் அமெரிக்கத் துணைத் தூதரகம் இருந்த ஹாரிங்டன் தெருவுக்கு, வியட்நாம் போர்க்காலத்தில் ஹோ சி மின் சரணி என்று பெயர் மாற்றினார்கள். இன்றும் அந்தத் துணைத் தூதரகத்தின் முகவரி அதுதான். ஒரு தெருப் பெயரில் இவ்வளவு சொல்ல முடியுமென்றால் வரைபடக்காரர் அதை விட்டுவிடலாமா?

அங்கீகரிக்கப்படாத நாடுகளுக்கு வேறு ஏற்பாடு. தைவானுக்கு இந்தியாவில் தூதரகம் கிடையாது. தைபே பொருளாதார, கலாச்சார மையம் என்ற பெயரில் டெல்லியிலும், 2012 முதல் சென்னையிலும் அலுவலகம் இருக்கிறது. இப்படிப்பட்டவற்றை வணிக அலுவலகத் தளத்தில், தூதரகம் என்ற சொல் இல்லாமல் குறியுங்கள்.

தூதரகங்களைச் சுற்றி என்னென்ன வரும் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம்: பன்னாட்டுப் பள்ளி ஒன்று, விலையுயர்ந்த பொருள் விற்கும் சிறு சந்தை, பெரிய ஓட்டல், கலாச்சார மையங்கள். 2001க்குப் பிறகு பல நாடுகள் விசா விண்ணப்பம் வாங்கும் வேலையைத் தனியார் நிறுவனங்களிடம் கொடுத்துவிட்டதால், அந்த வரிசைகள் தூதரகத் தெருவிலிருந்து விலகி வணிகக் கட்டடங்களுக்குப் போய்விட்டன. உங்கள் உலகின் காலம் இன்றையதாக இருந்தால் நடுத்தர மனையில் நாம் வரைந்த அந்தப் பக்கவாசல் கூரையை எடுத்துவிட்டு, நகரின் மையத்தில் ஓர் அலுவலகத் தளத்தில் விசா மையத்தைப் போடலாம்.

துணைத் தூதரகங்கள்

இரண்டாம் நகரங்களில் துணைத் தூதரகங்களை வைக்கும்போது மக்கள்தொகையை மட்டும் பார்த்து வைப்பது போதாது. புதுச்சேரி சிறிய நகரம். ஆனாலும் அங்கே கடற்கரைக்கு அருகில் பிரான்சின் துணைத் தூதரகம் இருக்கிறது, ஏனெனில் பிரெஞ்சு ஆட்சி முடிந்த பிறகும் பிரெஞ்சுக் குடியுரிமை வைத்திருப்போர் அங்கே வாழ்கிறார்கள். மலையகத் தமிழர்களை முன்னிட்டு இந்தியாவுக்குக் கண்டியில் நெடுங்காலமாக ஓர் அலுவலகம் உண்டு. யாழ்ப்பாணத்தில் 2010இல் துணைத் தூதரகம் திறக்கப்பட்டது. ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு மக்கள் கூட்டமும் ஒரு வரலாறும் இருக்கின்றன. பழைய தலைநகரம், பெரிய துறைமுகம், எல்லை நகரம், குடியேறியோர் மிகுந்த மாவட்டம் ஆகியவற்றில் தேடுங்கள். எண்ணெய்த் துறைமுகம் ஒன்றில், கப்பல் முகவர் ஒருவரின் அலுவலக வாசலிலேயே நான்கு நாடுகளின் கௌரவத் துணைத் தூதர் பலகைகள் தொங்குவது முற்றிலும் நம்பத்தக்கது.

வரைபடத்தில் குறிக்கும்போது

தூதரக நிலம் வெளிநாட்டு மண் என்பது பரவலான தவறு. அது ஏற்கும் நாட்டின் நிலம்தான். அந்நாட்டு அதிகாரிகள் தூதரகத் தலைவரின் அனுமதியின்றி உள்ளே நுழையக் கூடாது என்பதே பாதுகாப்பு. ஆகவே வளாகத்தைச் சுற்றி நாட்டு எல்லைக்கோடு வரையாதீர்கள், மதில் போதும். யாரும் திருத்தக்கூடிய இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் முறையைப் பின்பற்றும் கற்பனை வரைபடங்களில் தூதரகம் 'ஆபீஸ்' வகையின் கீழ் 'டிப்ளமாட்டிக்' என்று குறிக்கப்படுகிறது. அது தூதரகமா, துணைத் தூதரகமா, தொடர்பு அலுவலகமா என்பதற்கு ஒரு குறியும், அனுப்பும் நாட்டுக்கும் ஏற்கும் நாட்டுக்கும் தனித்தனிக் குறிகளும் உண்டு. சொந்த வளாகமாக இருந்தால் பரப்பின் மீது இக்குறிகளை இடுங்கள். வாடகைத் தளமாக இருந்தால் கட்டடத்துக்குள் ஒரு புள்ளி மட்டும் வையுங்கள். முழுக் கட்டடத்தையும் தூதரகமாக்கிவிட்டால் கீழ்த்தளத்து வங்கியும் மேல்தளத்து வழக்கறிஞரும் தூதரகப் பணியாளர்களாகிவிடுவார்கள்.

உறவு முறிந்த நாட்டின் தூதரகத்தை அழித்துவிட வேண்டாம். முறிந்த பிறகும் அந்தக் கட்டடத்தைக் காக்க ஏற்கும் நாடு கடமைப்பட்டது என்கிறது வியன்னா உடன்படிக்கை. வாஷிங்டனின் மாசசூசெட்ஸ் அவென்யூவில் ஈரானின் தூதரகக் கட்டடம் 1980 முதல் பயன்பாடின்றிப் பூட்டிக் கிடக்கிறது. டெஹ்ரானில் இருந்த அமெரிக்கத் தூதரகமோ அருங்காட்சியகமாக்கப்பட்டு, அங்கே அமெரிக்காவின் நலன்களைச் சுவிட்சர்லாந்து கவனித்து வருகிறது. உங்கள் வரைபடத்தில் அத்தகைய ஒரு மனைக்குக் கட்டடத்தையும் மதிலையும் வாயிலையும் அப்படியே வைத்துவிட்டு, அலுவலகக் குறியை மட்டும் நீக்கி, பயன்பாட்டில் இல்லை என்று குறித்து, அந்த நாட்டின் நலன்களைக் கவனிக்கும் மூன்றாம் நாட்டின் தூதரகத்தில் அதற்கான பிரிவு ஒன்றைச் சேர்த்துவிடுங்கள்.